டாக்டர்களைப் பார்த்து நாமும் அப்படியே வாழலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எங்க டாக்டரே காபிக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கிறார்" என்று சொல்லிப் பத்தியத்தை விட்டவர்கள் நம்மிடையே உண்டு. "எனக்குத் தெரிஞ்ச ஹார்ட் டாக்டர் தினமும் இந்த மாத்திரை போடுறார்" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. இருவரும் டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு, டாக்டர் செய்வதைப் பிடித்துக்கொண்டவர்கள். இதைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். டாக்டரின் பழக்கவழக்கம் நமக்கு வழிகாட்டி ஆகுமா?

ஒரு தனி டாக்டரின் பழக்கம் ஆகாது. ஆயிரக்கணக்கான டாக்டர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யார் என்ன செய்தார், யாருக்கு என்ன ஆனது என்று எண்ணிப் பார்த்த கணக்கு ஆகும். நல்ல வழிகாட்டியாகவே ஆகும். அப்படிப்பட்ட கணக்குகள் கையில் இருக்கும்போது, நம் தெரு முனை கிளினிக்கில் இருப்பவர் டீயோடு வடை சாப்பிட்டாரா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எங்கள் டாக்டருக்கே தொந்தி, சர்க்கரையும் இருக்கிறது. என்னை நடக்கச் சொல்கிறார். ஊருக்குத்தான் உபதேசமா?

இந்த எரிச்சல் இயல்பானதுதான். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் எரிகா ஃபிராங்க் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்து 2000-ல் வெளியிட்டது. காத்திருந்த நோயாளிகளுக்கு, உணவு, உடற்பயிற்சி பற்றி ஒரு டாக்டர் பேசும் சிறிய வீடியோவைக் காட்டினார்கள். அதில் இரண்டு வகை. ஒன்றில் மட்டும் அந்த டாக்டர் தன் சொந்தப் பழக்கத்தையும் கொஞ்சம் சொல்வார். மேசையில் ஓர் ஆப்பிளும் சைக்கிள் ஹெல்மெட்டும் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் அவரை அதிகமாக நம்பினார்கள். அறிவுரை ஒன்றுதான், ஆனால் ஆப்பிள் இருந்த மேசைக்கு மதிப்பு கூடிவிட்டது.

சரி, நம்பத் தோன்றுவது அப்படித்தான். ஆனால் சொன்னது சரியா தவறா என்பது சொன்னவரின் இடுப்பளவால் மாறாது. தினமும் நடப்பதால் சர்க்கரை கட்டுப்படும் என்றால், அதைச் சொல்பவர் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டுப்படும்.

அவருக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்று கேட்டால், அந்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு ஏதாவது ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் வாசலில் நின்று பாருங்கள். காலை ஓ.பி.யில் ஆரம்பித்து, வார்டு, அட்மிஷன், கேஷுவாலிட்டி என்று ஓடி, மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்ட ஹவுஸ் சர்ஜன்களும் மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர்களும் எதிர்க் கடைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் சூடாகக் கிடைப்பது புரோட்டாவும் சால்னாவும்தான். பாதி சாப்பிடும்போதே போன் அடிக்கும். மிச்சத்தை இலையோடு மடித்துப் போட்டுவிட்டு, கையைச் சட்டென்று கழுவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். விடியும்வரை கண் சொக்காமல் இருக்க டீ. இப்படியே பல வருடம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதை நீக்கவில்லை. இந்த வேலை உடம்பில் விட்டுச்செல்வதை வைத்து, அந்த மனிதரின் அறிவை எடை போடக் கூடாது.

ஒல்லியாக இருக்கும் டாக்டரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நம்மவர்களின் உடல்வாகில், எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில், உலக அளவில் அதிக எடைக்கு 25 என்று வைத்திருக்கும் எல்லையை இந்தியர்களுக்கு 23 என்று குறைத்து வைத்திருப்பது அதனால்தான்.

ஆயிரக்கணக்கான டாக்டர்களின் கணக்கு என்கிறீர்களே, அது எது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1951 அக்டோபரில் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அந்த நாட்டில் பதிவு செய்திருந்த ஏறத்தாழ 60,000 டாக்டர்களுக்கும் கடிதம் அனுப்பினார்கள். கேள்விகள் மிகக் குறைவு: இப்போது புகைக்கிறீர்களா, முன்பு புகைத்து விட்டுவிட்டீர்களா, புகைத்ததே இல்லையா, புகைத்தால் எவ்வளவு. நீளமான படிவத்தை வேலை மிகுந்த டாக்டர் குப்பையில் போட்டுவிடுவார் என்று வேண்டுமென்றே சுருக்கமாக வைத்தார்கள். 40,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள்.

ஏன் டாக்டர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்கள் ஒழுக்கமாக வாழ்பவர்கள் என்பதற்காக இல்லை. தொழில் செய்ய வேண்டுமென்றால் பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும். எனவே எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம், இறந்தாலும் தெரிந்துவிடும். தன் பழக்கத்தைத் துல்லியமாகச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியும்.

முதல் அறிக்கை 1954-ல் வந்தது. அதற்குள் 35 வயதுக்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களில் 789 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 36 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த 36 பேரில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. எவ்வளவு அதிகம் புகைத்தார்களோ அவ்வளவு அதிகமாக இறந்திருந்தார்கள். ஆய்வு அதோடு நிற்கவில்லை. ஐம்பது வருடம் தொடர்ந்து, 2004-ல் கடைசிப் பெரிய அறிக்கை வந்தபோது படம் முழுமையாகத் தெரிந்தது. 1900 முதல் 1930 வரை பிறந்த ஆண் டாக்டர்களில், தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்பே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டவர்களுக்கு 6, 40-ல் 9. முப்பதிலேயே விட்டவர்கள் கிட்டத்தட்ட அந்தப் பத்தையும் மீட்டுவிட்டார்கள்.

வீட்டில் யாராவது "இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்று சொன்னால், இந்த நான்கு எண்களைச் சொல்லுங்கள். இவை எல்லாம் டாக்டர்களின் உடம்பிலிருந்து வந்தவை. பிடித்தவர்கள் பிடித்ததும் விட்டவர்கள் விட்டதும் சேர்ந்துதான் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது.

டாலும் புகைத்தவர்தான். இதற்கு முந்தைய ஆய்வில் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை விசாரிக்க ஆரம்பித்தபோது, நுரையீரல் புற்றுநோய்க்குச் சாலைத் தார் அல்லது மோட்டார் வண்டிப் புகைதான் காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். விவரங்கள் சேரச் சேர, ஆய்வு முடிவதற்கு முன்பே சிகரெட்டை விட்டுவிட்டார். 2005-ல் 92 வயதில் இறந்தார். 92 வயதுவரை வாழ்ந்தாரே என்று அவரை உதாரணம் காட்ட எனக்கு மனம் இல்லை. அதுவும் ஒரே ஒரு டாக்டரின் கதைதான். ஆயிரக்கணக்கான பேரின் கணக்கு வலிமையானது.

அந்தக் காலத்தில் டாக்டர்களே சிகரெட் விளம்பரத்தில் வந்தார்களாமே?

ஆமாம். 1946-ல் அமெரிக்காவில் 'மற்ற எந்த சிகரெட்டையும்விட கேமல் பிடிக்கும் டாக்டர்களே அதிகம்' என்று பெரிய விளம்பரப் பிரசாரம் நடந்தது. வெள்ளைக் கோட்டு போட்டவர் கையில் சிகரெட்டோடு சிரிப்பார். மருத்துவ மாநாடுகளில் டாக்டர்களுக்கு இலவசமாக கேமல் பாக்கெட் கொடுத்துவிட்டு, பிறகு "என்ன பிராண்ட் பிடிக்கிறீர்கள்" என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அதைப் பார்த்து நம்பிய சாதாரண மக்கள் கேட்டது நீங்கள் இப்போது கேட்கும் அதே கேள்விதான்: டாக்டரே பிடிக்கும்போது நமக்கென்ன?

அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி, புகையின் தீமை பற்றிய புகழ்பெற்ற அறிக்கையை 1964 ஜனவரியில் வெளியிட்டார். அவரும் பல காலம் சிகரெட் பிடித்தவர்தான். அவர் முன்பு பிடித்தார் என்பதற்காக அறிக்கை பொய்யாகிவிடவில்லை.

பிரிட்டனில் டாக்டர்கள் மற்றவர்களைவிட வேகமாக சிகரெட்டை விட்டார்கள். நாட்டில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏறிக்கொண்டிருந்தபோதே, டாக்டர்களிடம் அது குறைய ஆரம்பித்தது. ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் ஆதாரத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டமாக ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால், அதை நாம் தாராளமாகப் பின்பற்றலாம்.

வெள்ளைக்காரர்களின் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா?

பொருந்துமா என்று நம் ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த வேந்தன் கஜலட்சுமியும், டாலின் நெடுநாள் கூட்டாளியான ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து, தமிழ்நாட்டில் இறந்த சுமார் 43,000 ஆண்களின் விவரங்களைச் சேகரித்தார்கள். உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு, 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இங்கே புகை கொல்லும் வழி கொஞ்சம் வேறு: காசநோய். புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. பீடி ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த எண்.

தெரிந்த ஹார்ட் டாக்டர் தினமும் ஆஸ்பிரின் போடுகிறாராம். நானும் போடலாமா?

கேட்காமல் போடாதீர்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் டாக்டர்களின் கதைதான்.

1980-களில் அமெரிக்காவில் 22,071 ஆண் டாக்டர்கள் ஒரு பெரிய சோதனையில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்ததால், 1988-ல் சோதனையின் ஆஸ்பிரின் பகுதியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. டாக்டர்களும் போட்டார்கள், டாக்டர்களைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

செய்தியில் அழுத்திச் சொல்லப்படாத ஒன்று உண்டு. மாரடைப்பு குறைந்ததே தவிர, இதயநோய், பக்கவாதம் எல்லாம் சேர்த்து ஏற்பட்ட மொத்தச் சாவு அந்தச் சோதனையில் குறையவில்லை. அப்புறம் காலம் மாறியது. மக்கள் சிகரெட்டைக் குறைத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நல்ல மருந்துகள் வந்தன. 2018-ல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது: இதயநோய் இல்லாத முதியவர்களுக்கு தினசரி ஆஸ்பிரினால் பலன் இல்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. 2022-ல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு, இதயநோய் இல்லாத 60 வயதைத் தாண்டியவர்கள் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

உங்கள் ஹார்ட் டாக்டர் ஏன் போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஆஸ்பிரின் உயிர்காக்கும் மருந்து. அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை ஒன்றுதான், அவருக்கும் உங்களுக்கும் கணக்கு வேறு.

டாக்டர்கள் நம்மைவிடச் சீக்கிரம் இறந்துவிடுகிறார்கள் என்று பேப்பரில் படித்தேனே?

2017-ல் கேரளத்திலிருந்து வந்த செய்தியாக இருக்கும். இந்திய மருத்துவர்கள் சங்கத்தின் கேரளக் கிளை, தங்கள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்த சுமார் 10,000 டாக்டர்களில் பத்து வருடத்தில் இறந்தவர்களைக் கணக்கெடுத்தது. இறந்தபோது சராசரி வயது 62-க்குக் கொஞ்சம் குறைவு. கேரள மக்களின் சராசரி ஆயுளோ 75-ஐ ஒட்டியது. உடனே 'டாக்டர்களுக்கு 13 வருடம் ஆயுள் குறைவு' என்று தலைப்பு வந்துவிட்டது.

இந்த ஒப்பீடு சரியில்லை. ஒரு கல்லூரியில் படிக்கும்போது இறந்துபோன மாணவர்களின் சராசரி வயது 20 என்றால், கல்லூரியில் படித்தால் 20 வயதுதான் ஆயுள் என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தத் திட்டத்தில் இருந்தவர்களும் அப்படித்தான்: பலர் நடுவயதில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் 80 வயதில் இறக்கப்போவது இந்தச் சராசரியில் வரவே வராது. இறந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் வயது குறைவாகத்தான் வரும். டாக்டர்களின் வேலைப்பளு பற்றிய சங்கத்தின் கவலை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது.

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் டாக்டர்கள் பொதுமக்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். ஆனால் அதில் எவ்வளவு மருத்துவ அறிவு, எவ்வளவு படிப்பும் பணமும்? ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் மருத்துவப் படிப்புக்கு ஒரு காலத்தில் குலுக்கல் முறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு விழுந்தவரும் விழாதவரும் மற்றபடி ஒரே மாதிரியானவர்கள் என்பதால், இதைச் சோதிக்க இதைவிட நல்ல வழி அமையாது. ஸ்வீடனில், வீட்டில் ஒருவர் டாக்டரானால் உறவினர்களின் ஆரோக்கியம் மேம்பட்டது. நெதர்லாந்தில், பிள்ளை டாக்டரானதால் பெற்றோரின் ஆரோக்கியத்தில் வித்தியாசமே தெரியவில்லை. வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் என்று பிள்ளையை நீட் கோச்சிங்குக்கு விரட்டும் பெற்றோர் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

டாக்டர்கள் தங்களுக்கு மருந்து என்றால் ஒழுங்காகச் சாப்பிடுவார்களா?

நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஸ்வீடனில் 63 மருந்து வழிகாட்டுதல்களை எடுத்துக்கொண்டு, யார் அதன்படி நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பொதுமக்களே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கடைப்பிடித்தார்கள். டாக்டர்களும் அவர்கள் குடும்பத்தினரும் அதைவிடச் சுமார் நான்கு சதவீதப் புள்ளிகள் குறைவு. வழிகாட்டுதல் சராசரி மனிதருக்கு எழுதப்பட்டது, தன் உடம்பு தனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். சில இடங்களில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சலுகையை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. எந்த விதியை எங்கே தளர்த்தலாம் என்று தெரியாமல் தளர்த்துவோம்.

தனக்குத்தானே மருந்து எழுதிக்கொள்வது டாக்டர்களிடம் நாம் கற்கவே கூடாத பழக்கம். பிரிட்டனில் டாக்டர்கள் தங்கள் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு டாக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலே அறிவுறுத்துகிறது. நம் ஊரில் சளி பிடித்தவுடன் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் அட்டையைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யூடியூபில் ஒரு டாக்டர் தினமும் தான் சாப்பிடுவதைக் காட்டுகிறார். பின்பற்றலாமா?

அவருடைய தட்டு அவருடைய தட்டு. அதில் இருப்பது பொதுவாகச் சொல்லப்படும் காய்கறி, பயறு, குறைவான உப்பு என்றால் நல்லதுதான்; அதற்கு டாக்டர் தேவையில்லை. பொடி, சப்ளிமென்ட் என்று ஏதாவது விற்பவராக இருந்தால் விலகிவிடுங்கள்.

டாக்டரிடம் "நீங்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா" என்று கேட்கலாமா?

தாராளமாக. இஸ்ரேலில் 1,488 டாக்டர்களையும் அவர்களின் நோயாளிகளையும் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட டாக்டர்களிடம் போன நோயாளிகளில், போட வேண்டியவர்களில் 49 சதவீதம் பேர் போட்டிருந்தார்கள். போடாத டாக்டர்களின் நோயாளிகளில் 43. தான் செய்வதை டாக்டர் அதிக அக்கறையோடு நமக்கும் நினைவூட்டுகிறார் போலிருக்கிறது. ஆக, டாக்டரின் பழக்கம் முக்கியமான இடம் ஒன்று உண்டு: அவர் நம்மிடம் எதைப் பேச மறக்கிறார் என்பதை அது தீர்மானிக்கலாம். அவர் எழுப்பாவிட்டால் நாமே எழுப்ப வேண்டும்.

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?" இது நல்ல கேள்விதானே?

நம்மில் பலரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறோம், கேட்டதும் ஒரு நிம்மதியும் வருகிறது. ஆனால் இதற்கு வரும் பதில் நமக்கான பதிலாக இருக்க வேண்டியதில்லை.

2011-ல் பீட்டர் யூபெல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு டாக்டர்களுக்கு ஒரு கற்பனைச் சூழ்நிலையைக் கொடுத்தது. பெருங்குடல் புற்றுநோய், இரண்டு விதமான அறுவை சிகிச்சை. ஒன்றில் சாகும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், பிழைத்தால் தொல்லை இல்லை. மற்றதில் சாவு குறைவு, ஆனால் சிலருக்கு வயிற்றில் பை வைத்து மலம் கழிப்பது போன்ற சிக்கல்கள் வரும். தனக்கு என்றால் எது என்று கேட்டபோது, 38 சதவீத டாக்டர்கள் சாவு வாய்ப்பு அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளிக்கு என்றபோது அதைப் பரிந்துரைத்தவர்கள் சுமார் 25 சதவீதம்தான். தனக்கென்று வரும்போது பை வைத்துக்கொள்ளும் வாழ்க்கையை நினைத்து மனம் கலங்குகிறது. இன்னொருவருக்கு என்றால் உயிர் முன்னால் நிற்கிறது. எது சரி என்பது அவரவர் வாழ்க்கையைப் பொறுத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் டிச்சீனோ மாநிலத்தில் 1990-களில் நடந்த ஆய்வில், பொதுவாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றை டாக்டர்கள் தங்களுக்குக் குறைவாகவே செய்துகொண்டது தெரியவந்தது. குடல்வால் ஆபரேஷன் மட்டும் விதிவிலக்கு. எனவே ஆபரேஷன் என்று சொன்னவுடன் "இது அவசியமா, கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன ஆகும்" என்று கேட்பதில் தவறில்லை. டாக்டர்களும் தங்களுக்கு அதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள்: "எனக்கு அறுபத்தி மூணு வயசு. வீட்டில் தனியாக இருக்கேன், பார்த்துக்க ஆள் இல்லை. படுக்கையில் கிடக்கிறதுதான் எனக்குப் பெரிய பயம். வர்ற தை மாசம் மகள் கல்யாணம் இருக்கு." அதற்குப் பிறகு, "என் இடத்தில் இருந்து பார்த்தால் இந்த ரெண்டில் எது பொருத்தம், ஏன்?" என்று கேளுங்கள். அந்த 'ஏன்' முக்கியம். பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது கூட வந்தவரை எழுதச் சொல்லுங்கள். கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் பாதி மறந்துவிடும்.